அரைப்பேர்

முதலில் போனது தேத்தண்ணிக் கோப்பை.
விரல் பிடித்துத்தான் இருந்தது,
ஆனாலும் கோப்பை தரையில்.
பிறகு பூட்டு.
பிறகு, ஈரப் போர்வையை முறுக்கப் போய்
பீலியடியில் குந்திவிட்டேன்,
முழங்கையின் வெளிப்பக்கம்
யாரோ ஆணி வைத்துத் திருகினது போல.

சுளுக்கு என்றாள் பக்கத்துக் காம்பிரா சிவகாமவள்ளி.
வாயு என்றார் கடைக்காரர், ஒரு தைலமும் விற்றார்.
பத்து நாள் கை மணத்தது.
வலிக்கு மூக்கில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர்
நடுவிரலை நிமிர்த்தச் சொல்லி
மேலிருந்து அமுக்கினார். கத்தினேன்.
டென்னிஸ் எல்போ என்று துண்டில் எழுதினார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பங்களாவுக்குப் பின்னால் டென்னிஸ் கோட்டில்
இப்போது லீக்ஸ் போட்டிருக்கிறது,
களை பிடுங்கப் போயிருக்கிறேன்.
ஆடினவர்கள் கப்பலேறிவிட்டார்கள்.
நோவு மட்டும் என் பேரில் பதிவாகியிருக்கிறது.

கீழ்மாடியில் பர்ஹானா மிஸ்
என் கையை மேசையில் கிடத்தி
பேனையால் தோலில் கோடு போட்டுக் காட்டினார்.
மணிக்கட்டை நிமிர்த்துகிற தசையெல்லாம்
ஓடிவந்து, இந்தச் சின்ன எலும்பு மேட்டில்
கட்டிக் கிடக்கிறது.
நீங்கள் இறுக்கிப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும்
இழுபடுவது இந்த முடிச்சுத்தான்.
வேலை மணிக்கட்டில், வலி முழங்கையில்.
எனக்கு உடனே விளங்கியது:
கொழுந்து இந்த மலையில், காசு வேறு ஊரில்.

என்ன வேலை?
கத்தரி, என்றேன். கையால் கிள்ளுவது போதாதென்று
தட்டு வைத்த கத்தரி கொடுத்திருக்கிறார்கள்.
நிமிசத்துக்கு எத்தனை வெட்டு?
எண்ணியதில்லை.
மறுநாள் எண்ணினேன். நாற்பத்திரண்டு.
ஆறு மணித்தியாலத்துக்குப் பெருக்கினால்
பதினையாயிரத்து நூற்றிருபது.
தராசில் பதினெட்டுக் கிலோ நின்றது,
அதுவும் ஈரத்துக்குக் கழித்த பிறகு.
இருபதுக்கு இரண்டு குறைவு.
அரைப்பேர்.
வெட்டை நிறுக்க அந்தத் தராசில் முள் இல்லை.

ஓய்வு வேணும் என்றார் மிஸ்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
முடிந்த அளவு என்று சேர்த்துக்கொண்டார்.
ஊசி?
கொஞ்ச நாள் சுகம். பிறகு திரும்பி வரலாம், கோபத்தோடு.

அரை லீற்றர் போத்தலில் தண்ணீர்.
முன்கை மேசையில், உள்ளங்கை கீழ் பார்க்க,
மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே.
தூக்கிவிடுவது இடது கை.
வலது கைக்கு இறக்குகிற வேலை மட்டும்,
ஐந்து எண்ணி, மெல்ல.
இறக்குவதுதான் மருந்து, என்றார்.

இருபத்தேழு வருசமாக
கைக்கு வேகம் போதாது என்றவர்களே உண்டு.
மெல்ல என்று ஒருவர் சொன்னது
இதுதான் முதல்.

மொட்டைக் கத்தரிக்கு இரட்டைப் பலம் கேட்கும் என்று
வெளிக்கள ஐயாவிடம் சொன்னேன்.
எழுதித் தா என்றார். தந்தேன்.
அந்தக் கடுதாசி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.
நோர்வூட்டில் ஒரு அரம் வாங்கினேன்,
சைக்கிள் டியூப்பை வெட்டிப் பிடியில் சுற்றினேன்.
சாக்கை இப்போது
உள்ளங்கை வானம் பார்க்கத்தான் தூக்குகிறேன்,
பிச்சை வாங்குகிற மாதிரி இருக்கிறது என்று
சிவகாமவள்ளி சிரிக்கிறாள்.
நேற்று அவளும் போத்தலைக் கேட்டாள்.

நாலாம் கிழமை வலி கூடியது.
போத்தலை எறியப் பார்த்தேன்,
எறியக் கை வரவில்லை.
இறக்கினேன். ஐந்து.

ஒன்பதாம் கிழமை அந்தப் போர்வையை
மறுபடி முறுக்கினேன்.
பாதி பிழிந்தது. மிச்சம் கொடியில் சொட்டுகிறது.
சொட்டட்டும்.
பொகவந்தலாவையில் இன்றைக்கு வெயில்.